அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்: பக்கத்து வீட்டு மலைப்பாம்பு பற்றி

சிவமயம்

பென்சில்வேனியா
தை 8

என்னைப் பெத்த அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் எழுதிக்கொண்டது,

கார்த்திகையில நீங்க போட்ட கடிதம் கைக்கு வந்து ஒரு மாசம் தாண்டிடுச்சு. பதில் போடாம இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. போன்ல பேசினா அப்பச்சிக்குக் காது சரியாக் கேக்கலை. நான் சத்தம் போட்டுச் சொல்றதை ஆத்தா திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. எழுதினா முகப்புல உக்காந்து நாலு தடவை படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதலை.

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வீடு மாறிட்டோம். முன்னாடி இருந்தது நாலு பேருக்கு ரொம்பப் பெருசு. இது சின்னது, கூட்டிப் பெருக்கச் சுலபம். உங்க மாப்பிள்ளை ஐப்பசியிலருந்து வீட்டுலதான் இருக்காக, நல்ல வேலையாப் பார்த்து நிதானமா மாறலாம்னு. நானும் சாயங்காலம் ஒரு கடைக்குப் போய் வர்றேன், பொழுது போகுது. இதை நினைச்சு ஆத்தா ராத்திரி முழிச்சுக் கிடக்க வேண்டாம்.

குளிர் இந்த வருசம் கூடுதல். போன வாரம் காலையில மைனஸ் 17. சின்னவளுக்கு மூணு சட்டை, அதுக்கு மேல கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டி முடிக்கவும் ஒண்ணுக்குப் போகணும்பா. திரும்ப எல்லாத்தையும் கழட்டணும். பனி விழுந்த அன்னைக்குத் தெருவுல ஒரு சத்தம் கிடையாது. காக்கா இல்லை, கோயில் மணி இல்லை, பால்காரர் இல்லை.

சரி, ஆத்தா பதறிப் போய் எழுதியிருந்த விசயத்துக்கு வர்றேன். பெரியவன் போன்ல ‘பாம்பு ஐயா’ன்னு சொன்னானே, அந்தப் பெரியவர் எங்க பக்கத்து வீட்டுக்காரர். வயசு 74. இரும்பு ஆலையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்சாரம் தவறி ஆறு வருசம் ஆச்சு, மகள் தூர தேசத்துல இருக்கா. வீட்டுக் கீழ்த்தளத்துல ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறாரு. 13 அடி நீளம், 40 கிலோ எடை. கொண்டு வர்றப்போ ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருந்துச்சாம். 14 வருசமா வளர்க்கிறாரு. இன்னும் பல வருசம் இருக்குமாம்.

அப்பச்சி, அதோட பேரே பர்மா மலைப்பாம்பு. உங்க அப்பா, நம்ம ஐயா, 1942ல பர்மாவை விட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்காக! நம்ம வீட்டு வளவுத் தூண் பர்மாத் தேக்கு. கவுனி அரிசி பர்மாவுலருந்து வந்ததுன்னு அப்பத்தா சொல்லுவாக. இத்தனை தூரம் தள்ளி, ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டுக் கீழ்த்தளத்துல நின்னு அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சை அடைச்சுது.

அது வெள்ளையும் மஞ்சளுமா இருக்கும். அவர் பக்கத்துல நிக்க, நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சொரசொரன்னு இருக்கும்னு நினைச்சேன். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசின நம்ம வளவுச் சுவர் இருக்குல்ல, அதே வழவழப்பு. சின்ன வயசுல வெயில் காலத்துல அந்தச் சுவர்ல கன்னத்தை வச்சுக்கிட்டு நிப்பேன், ஆத்தா திட்டுவீங்க. அந்த ஞாபகம் வந்துடுச்சு. கையை எடுக்கத் தோணலை.

விசயம் என்னன்னா, அவருக்கு முழங்கால் முடியலை. பங்குனியில வீட்டை வித்துட்டு வயசானவுக இருக்கிற குடியிருப்புக்குப் போறாரு. அங்கே பாம்பு வைக்கக் கூடாதாம். அதனால எங்களைக் கேட்டாரு: உங்க வீட்டுக் கீழ்த்தளத்துல கூண்டோட வச்சுக்கங்க, நான் ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கிறேன், மாசம் 250 டாலர் தர்றேன்னு. அந்தப் பணம் வந்துதான் ஆகணும்னு ஒண்ணும் இல்லை. ஆனா அவுக யோசிச்சாக. பெரியவனுக்கோ குதியாட்டம்.

நானும் எடுத்த எடுப்புல வேண்டாம்னு சொல்லலை. அந்தப் பெரியவர் கெட்டிக்காரர், சுத்தமா வச்சிருக்காரு. கூண்டு 8 அடிக்கு 4 அடி, பூட்டு போட்டது, உள்ளே சூட்டு விளக்கு. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை, உறைய வச்ச முயலை இளக வச்சுக் கொடுப்பாரு. முயல் வாசனை கையில இருந்தாக் கிட்டப் போகக் கூடாது, ஒத்தை ஆளா வெளியே எடுக்கக் கூடாதுன்னு அவரே சொல்லித் தந்தாரு. 14 வருசத்துல ஒரு தடவைகூடக் கடிச்சது இல்லையாம். பொய் சொல்ற மனுசர் இல்லை.

அதுக்கப்புறம் நூலகத்துல போய் உக்காந்து படிச்சேன். 2009ல ஃப்ளோரிடாவுல, வீட்டுல வளர்த்த இதே சாதிப் பாம்பு, அதுவும் இதே மஞ்சள், ராத்திரி கண்ணாடித் தொட்டியை விட்டு வெளியே வந்து ரெண்டு வயசுப் பெண் குழந்தையைக் கொன்னுடுச்சு. அது எட்டரை அடிதான். 2013ல கனடாவுல, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல, ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒண்ணு கூண்டுலருந்து தப்பி, கூரைக்குள்ள போற காத்துக் குழாய் வழியா வந்து விழுந்து, தூங்கிக்கிட்டிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் உயிரைக் குடிச்சிடுச்சு. 6 வயசு, 4 வயசு. அந்த வரியைப் படிச்சுட்டுப் புத்தகத்தை மூடி வச்சுட்டேன். விசம் இல்லாத பாம்புதானேன்னு நினைச்சிருந்தேன். விசம் எதுக்கு? சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடுமாம்.

சின்னவளுக்கு ஊசி போடப் போனப்போ டாக்டரம்மாகிட்டயும் கேட்டேன். அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பாம்பு, பல்லி, ஆமை எதுவுமே வேண்டாம்னாக. அதுங்க உடம்புல சால்மோனெல்லாங்கிற கிருமி இருக்குமாம். பிள்ளை தொடவே வேண்டாம், அது ஊர்ந்த தரை, நாம தொட்ட கை போதும், ரத்தபேதி வரைக்கும் கொண்டு போகும்னாக. சின்னவள் எதை எடுத்தாலும் வாயில வைக்கிறவ.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் அவுக, ‘ரெண்டு பூட்டு போடுவோம், சாவி என் இடுப்புலயே இருக்கும்’னாக. அந்த 250 டாலரை அவுகளால மறக்க முடியலை, அவுகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் அன்னைக்கு நினைச்சது ஆத்தாவோட சாவிக்கொத்தைத்தான். வெங்கலப் பானை, கும்பா, கரண்டின்னு வீட்டுல இருக்கிறது அத்தனையும் எண்ணி வைக்கிற நீங்களே, அயித்தை வீட்டுக் கல்யாணத்தன்னைக்கு இரண்டாம் கட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்து, அரிசிப் பானைக்குப் பின்னாடி சாரைப் பாம்பு கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஐயா எல்லாரையும் ஒதுங்கி நிக்கச் சொல்லி, பின்கதவைத் திறந்து விட்டாக. அது பாட்டுக்குப் போயிடுச்சு. மறக்கிறது யார் வீட்டுலயும் நடக்கும். மறந்த அன்னைக்கு அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கிறது சாரையா, 13 அடி மலைப்பாம்பாங்கிறதுதான் வித்தியாசம்.

அப்பவும் மனசு முழுசா ஒரு பக்கம் சாயலை. மார்கழி கடைசி ஞாயிறு அவர் வீட்டுக்குச் சீப்புச் சீடை எடுத்துக்கிட்டுப் போனோம். பாம்பு சுருண்டு கிடந்துச்சு. பெரியவன் கூண்டுக் கண்ணாடிகிட்ட நின்னான், நான் நின்னேன், அது அசையலை. சின்னவ ஓடி வந்தா. ஓடுறதும் விழுறதும் எந்திரிக்கிறதுமா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனா. தலை மெதுவா மேல எழும்புச்சு. இவ இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம், நாக்கை நீட்டி நீட்டி அவளை மட்டும் பார்த்துச்சு. பெரியவரும் அதைப் பார்த்துட்டாரு. எதுவும் பேசலை, எந்திரிச்சுப் போய்க் கூண்டு மேல துணியை இழுத்து விட்டாரு. நாய் நம்ம வீட்டுப் பிள்ளைன்னு அறியும். பாம்புக்கு அது தெரியாது. அது மேல கோபம் இல்லை, அதோட பிறப்பு அப்படி.

மறுநாள் நானே போய் முடியாதுன்னு சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘கேட்டிருக்கவே கூடாதும்மா’ன்னாரு. கண் கலங்கியிருந்துச்சு. இங்கே வளர்க்க முடியாதவுக காட்டுல விட்டதும், கூண்டுலருந்து தப்பிச்சுப் போனதுமாத்தான் ஃப்ளோரிடாச் சதுப்பு நிலம் முழுக்க இந்தச் சாதிப் பாம்பு பெருகி, முயல், மான்னு தின்னு தீர்க்குது. 2012ல வெளிநாட்டுலருந்து கொண்டு வர்றதையே தடுத்துட்டாங்க. நம்ம நாட்டுல 1972ஆம் வருச வனவிலங்குச் சட்டம், மலைப்பாம்பை வீட்டுல வைக்கவே முடியாது. இவர் காட்டுல விடுற ஆள் இல்லை. நாலு மணி நேரத் தூரத்துல இந்த மாதிரிப் பாம்புகளை வாங்கிப் பராமரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அங்கே ஒப்படைக்கப் போறாரு. உங்க மாப்பிள்ளைதான் கூண்டைத் தூக்கி வண்டியில ஏத்தித் தரப் போறாக.

அவர் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல யார் வருவாங்களோ தெரியலை. பகல்ல நான் பேசுற ஒரே பெரிய ஆள் அவர்தான்.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கிட்டோம். 21 நாளும் கோடி வேட்டியிலருந்து இழை எடுத்து வச்சேன். மாவும் வெல்லமும் நெய்யும் போட்டுப் பிடிச்சு, அதுல அந்த இழையைத் திரியா வச்சு ஏத்தி, இழை கொடுக்கப் பெரியவுக இல்லாம அவுகளே கொடுத்தாக. என் முறை வந்தப்போ, சுடர் எரியிற இழையை வாயில போட்டுக்கிட்டு என்னால முழுங்க முடியலை. நெருப்பால இல்லை, ஆத்தா. பட்டாலையில வரிசையா உக்காந்து, அப்பச்சி கையால வாங்குறது கண்ணுக்குள்ள வந்துடுச்சு. பிள்ளைக முன்னாடி அழுதுட்டேன். பெரியவன் சுட்டுருச்சான்னு கேட்டான். ஆமான்னேன்.

இனி வீட்டு விசயம். பெரியவனுக்குக் கார்த்திகைப் புதுமைச் சடங்கு தள்ளிப் போறதைக் கேட்டிருந்தீங்க. டிக்கெட் விலை இறங்கட்டும், அடுத்த கார்த்திகைக்கு வந்துடுறோம். அவுக ஆத்தாகிட்டயும் அதையே சொல்லுங்க, வேற எதுவும் சொல்ல வேண்டாம்.

பங்காளிக இரண்டாம் கட்டை விக்கிறதுக்கு என் கையெழுத்தும் வேணும்னு தேவகோட்டைச் சித்தப்பா சொன்னதா எழுதியிருந்தீங்க. பூர்வீகச் சொத்துல பெண் பிள்ளைகளுக்கும் சம பங்குன்னு வந்த 2005 சட்டத்துக்கு அப்புறம் பெண் மக்களும் போட்டாத்தான் வாங்குறவுக ஒத்துக்குவாக, அது சரிதான். நான் நியூயார்க்ல இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துல போய்ச் சான்று வாங்கி அனுப்பணும், அதுக்கு ஒரு மாசமாவது ஆகும். பங்கை விட்டுக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம்னு எழுத வேண்டாம், எனக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற பவர் பத்திரமா எழுதச் சொல்லுங்க. என் பங்கை விட்டுக் கொடுத்துடுறேன்னு போன வருசம் போன்ல சொன்னேன். அதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. எவ்வளவு வரும், எப்ப வரும்னு அப்பச்சி விசாரிச்சு எழுதுங்க. பிள்ளைக பேர்ல போட்டு வைக்கலாம்னுதான்.

தூணை மட்டும் தனியாப் பேர்த்து முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்கு விக்க விடாதீங்க. ஐயா படம் மாட்டியிருக்கிற தூண்லருந்து கிணத்தடிக் கதவு வரைக்கும் மொத்தம் எத்தனைன்னு அப்பச்சியே எண்ணி, பத்திரத்துல எழுத வைங்க. பத்துன்னு ஞாபகம், பன்னண்டான்னு தெரியலை. ஆத்தா முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிறீங்களா? சிகப்பி ஆச்சி மகன் மாசி மாசம் வர்றானாம், அவன்கிட்ட சீரகச் சம்பாவும் கவுனி அரிசியும் ரெண்டு ரெண்டு கிலோ கொடுத்து விடுங்க, அதுக்கு மேல வேண்டாம், அவன் பெட்டி எடை பார்ப்பாக.

இப்படிக்கு,
உங்கள் மகள்
உமையாள்