ஒன்றரை மணிக்கு எடுத்த படம்: தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள்கள் அளக்கும் வளிமண்டல வாயுக்களின் தரவுகளோடு அன்றாடம் வேலை செய்பவன் என்பதால், தீபாவளிக்கு மறுநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருவது வழக்கமாகிவிட்டது. "சார், சாட்டிலைட் மேப் கிடைச்சிருச்சு, சென்னையில காத்து மாசு எத்தனை சதவீதம் கூடியிருக்குன்னு ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க" என்பார் செய்தியாளர். நான் பத்து நிமிடம் விளக்குவேன்; அடுத்த நாள் வரைபடமும் வந்திருக்கும், எங்கிருந்தோ ஓர் எண்ணும் வந்திருக்கும், விளக்கம் மட்டும் வந்திருக்காது. உங்கள் இடநெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆகையால் நான் கேட்பது ஒரே ஒரு வரிதான்: படத்தின் அடியில், அது எந்தக் கருவி அளந்தது, எந்த நாள்களுக்கு உரியது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்று குறிப்பிடுங்கள்.

நீங்கள் பெரும்பாலும் வெளியிடும், வாகனங்களும் ஆலைகளும் எரிபொருளை எரிக்கும்போது வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவின் வரைபடம், 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளில் உள்ள டிரோபோமி கருவியினுடையது. அது நாள்தோறும் உள்ளூர் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணியளவில் நம்மைக் கடக்கிறது. தமிழகத்தில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க அனுமதிக்கப்படும் நேரமோ காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. (அந்த நேரத்தை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.) பகல் வெயிலில் சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும் இந்த வாயுவைக் கொண்டு முந்தைய இரவின் வெடியை மறுநாள் பிற்பகலில் கணக்கெடுக்க முடியாது, பட்டாசுப் புகையில் முதன்மையானவை நுண்துகள்களும் கந்தக டை ஆக்சைடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு அது ஐப்பசி மழைக்காலம். மேகத்துக்குக் கீழே இருப்பதை அந்தக் கருவியால் காண இயலாது என்பதால், மேகம் மூடிய பகுதிகளின் அளவீட்டை நாங்கள் நீக்கிவிடுகிறோம். கவனமின்றி வரைந்தால், அந்த வெற்றிடங்கள் மிகக் குறைந்த அளவுக்குரிய நீல நிறத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மழையில் காற்று கழுவப்பட்டுவிட்டது என்று அத்தகைய நீலத்தின் மேல் ஒரு தலைப்பு அமர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது தூய்மையின் நிறமன்று. அங்கே தரவே இல்லை.

அந்தக் கருவி நாம் சுவாசிக்கும் காற்றை நேரடியாக அளப்பதும் இல்லை. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், ஏறத்தாழ 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான நீலப் பகுதியை இந்த வாயு எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, ஒளி வந்த சாய்வான பாதையைச் செங்குத்தாக மாற்றி, ஓசோன் படலம் இருக்கும் உயரத்தில் உள்ள பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவதே வரைபடத்தில் உள்ள எண்: ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றுத் தூணில் எத்தனை மூலக்கூறுகள் என்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் அளப்பதோ தரையருகே ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பது; 24 மணி நேரச் சராசரி 80-ஐத் தாண்டக் கூடாது என்னும் தேசிய வரம்பு இதற்குரியது. கிணற்றில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதும், மொண்ட குடத்துத் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்பதும் ஒன்றல்லவே. முன்னதைப் பின்னதன் அலகில் அச்சிடுவதை மட்டுமாவது நிறுத்திவிடுங்கள்.

'கூடியது', 'குறைந்தது' என்று எழுதும்போதுதான் பிழை பெருகுகிறது. 2020 ஊரடங்கில் நைட்ரஜன் டை ஆக்சைடு குறைந்தது உண்மை. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று காட்ட, ஜனவரிப் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் பலர். வட இந்தியக் குளிர்காலத்தில் இந்த வாயு மெதுவாகவே சிதையும். ஊரடங்கே இல்லாத ஆண்டிலும் அந்த இரண்டு படங்கள் ஒன்றுபோல் இருக்கமாட்டா. ஏப்ரலை முந்தைய ஆண்டுகளின் ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். அதே நாள்களில் கார்பன் டை ஆக்சைடும் காற்றில் குறைந்துவிட்டதாகச் சில செய்திகள் வந்தன. உலக உமிழ்வு அந்த ஆண்டில் சுமார் 5 சதவீதம் குறைந்தது. காற்றில் அதன் செறிவு அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

நீண்ட காலப் போக்கு இன்னும் வழுக்கலான இடம். இதே வாயுவை அளக்க 1995-இல் ஏவப்பட்ட கோம் என்னும் பழைய கருவியின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் மூடும் பரப்பு, 320-க்கு 40 கிலோமீட்டர். சென்னை முழுவதும் அதன் ஒரு மூலையில் கரைந்துபோகும். டிரோபோமியின் பிக்சல் இப்போது 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். கோம் கடந்தது முற்பகல் பத்தரை மணியளவில், டிரோபோமி கடப்பது பிற்பகலில். இவ்விரண்டையும் அப்படியே ஒட்டிக் கோடு இழுத்தால், அதில் பாதி காற்றின் கதையாகவும் பாதி கருவியின் கதையாகவும் இருக்கும். ஒரே கருவிக்குள்ளும் இது நடக்கும்: 2020 இறுதியில் டிரோபோமியின் கணக்கீட்டில் மேக உயரத்தைக் கண்டறியும் முறை திருத்தப்பட்டபோது, மாசு மிகுந்த இடங்களின் அளவுகள் உயர்ந்தன. வாகனம் எதுவும் கூடவில்லை. கணக்கிடும் கணினி நிரல் மாறியது, அவ்வளவுதான். பின்னர் தொடக்கத்திலிருந்து எல்லாத் தரவும் ஒரே முறையில் மறுகணக்கீடு செய்யப்பட்டது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கலந்தவர்களுக்கு இல்லாத உயர்வு கிடைத்திருக்கும்.

இதற்காக இந்தத் தரவுகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சீனாவின் நைட்ரஜன் டை ஆக்சைடு 2011 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியதை, 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓஎம்ஐ என்னும் ஒரே கருவி தெளிவாகக் காட்டியது. அதிலும் 2007 முதல் பழுதான பிக்சல் வரிசைகளை விலக்கிய பிறகே ஆய்வாளர்கள் அந்தப் போக்கை நம்பினார்கள்.

இந்தத் தீபாவளிக்கும் வரைபடம் போடத்தான் போகிறீர்கள். நான் கேட்ட அந்த வரிக்கு ஒரு மாதிரி தருகிறேன்: "டிரோபோமி, இந்த நாள் பிற்பகல் 1.30, காற்றுத் தூண் அளவு, தரைமட்ட அளவு அன்று, வெள்ளை நிறம் மேகத்தால் தரவு இல்லாத பகுதி." நான்கு பத்திச் செய்தியில் இதற்கு இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
மறுநாள் அழைப்புக்குக் காத்திருக்கும் உங்கள் வாசகன்