கோபுரமில்லாத குற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, வேல்ஸில் உள்ள ஹே-ஆன்-வை ஊரின் பழைய புத்தகக் கடைகளைப் பற்றிய பயணக் கட்டுரையை ஆவலோடு படித்துக்கொண்டு வந்தேன், கிளாஸ்பரிக்கு அருகிலுள்ள மைசரொன்னென் ஜெபக்கூடத்தைக் கட்டுரையாளர் எட்டிப் பார்க்கும் இடம் வரை. "வைக்கோல் கொட்டகை போன்ற, கட்டடக் கலை என்று சொல்ல ஏதுமில்லாத ஒரு கூடம்" என்று ஒரே வரியில் அதைத் தீர்த்துக்கட்டிவிட்டு, அவர் அடுத்த புத்தகக் கடைக்குப் போய்விட்டார்.

அவர் அறியாமலேயே எழுதியதில் பாதி உண்மை. அது கொட்டகையாக இருந்ததுதான். 16-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்றை 1690-களில் மாற்றியமைத்து, இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து விலகி நின்ற சுயாதீனச் சபையார் தங்கள் வழிபாட்டு இடமாக்கிக்கொண்டார்கள். களஞ்சியம் ஏன் என்பது தாங்கள் அறியாததல்ல. அரசுத் திருச்சபையின் முறைப்படி அல்லாமல், வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ வழிபாட்டுக்குக் கூடினாலே குற்றம் என்று 1664-இல் சட்டம் போட்டிருந்த நாடு அது. 1689-இல் சகிப்புச் சட்டம் வந்த பிறகும், கூடும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் நடக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. அப்படிப்பட்ட காலத்தில், மலையோரத்து உழவர்கள் முதல் வேலையாகக் கோபுரம் எழுப்பியிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எதிர்பார்த்தால், அவருடைய வரலாற்று ஞானத்தை வணங்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இனி, "ஏதுமில்லாத" அந்தக் கட்டடக் கலைக்கு வருகிறேன். வழக்கமான தேவாலயத்தில் வாசலில் நுழைந்தால் நீண்ட கூடத்தின் கடைசியில், தொலைவில், பலிபீடம் தெரியும். இந்தப் பழைய ஜெபக்கூடங்களில் பிரசங்கபீடம் நீளச் சுவரின் நடுவில் இருக்கும். சபையார் அதன் முன்னே அகலமாகப் பரவி உட்காருவார்கள். பேசுபவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இடையிலுள்ள தூரம் அதனால் சுருங்கிவிடுகிறது. பலிபீடத்துக்கு வேலையில்லை, திருவிருந்துக்கு ஒரு மரமேசை போதும். மைசரொன்னெனில் வெவ்வேறு காலங்களின் இருக்கைகள் இன்னும் கலந்து கிடக்கின்றன. யாரும் அவற்றை ஒன்றுபோல் ஆக்கவில்லை. நான் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு வழிபாட்டில் கடைசி பெஞ்சில் அமர்ந்து, தளர்ந்த குரலுடைய முதியவர் ஒருவர் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறேன். அண்மையில் திறக்கப்பட்ட நவீன அரங்கம் ஒன்றில், நான்கு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்தும் எனக்கு எதிரொலிதான் கேட்டது. ஒலியைக் கணக்கில் கொண்டு இடத்தை வகுப்பது கட்டடக் கலை இல்லையென்றால், பின் எது என்பதைக் கட்டுரையாளர் அருள்கூர்ந்து விளக்கட்டும். அந்த ஜெபக்கூடத்தை ஒட்டிய சிறு வீட்டை, பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் அறக்கட்டளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. ஓரிரவு தங்கிப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

இது ஒரு கட்டுரையோடு போகும் குறையாக இருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். தங்கள் இதழில் வேல்ஸ் ஒருபோதும் வேல்ஸாக இருந்ததில்லை. இம்முறையும் "இங்கிலாந்தின் எழில்மிகு கிராமம்" என்றே அச்சாகியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட ஐரோப்பிய வழிபாட்டிடங்கள் சிறப்பிதழிலும் கூர்ங்கோபுரம் உள்ளவற்றுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. ட்ரெகாரோன் மலைப்பகுதியில் 1822-இல் எழுந்த சோவார்-அ-மெனிதில் ஜெபக்கூடமும் வீடும் குதிரை லாயமும் அடுத்தடுத்து ஒட்டியே நிற்பதைக் குறிப்பிட்டு அப்போதே எழுதினேன். த்ரே-வாக் வெலின்ட்ரே கிராமத்திலிருந்து பென்ரியூ ஜெபக்கூடத்தைப் பிரித்தெடுத்துக் கார்டிஃபை அடுத்த செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தி, 1956-இல் திறந்து வைத்தார்கள் என்பதையும் எழுதினேன். கட்டடக் கலை ஏதுமில்லாத ஒன்றை யாராவது கல் கல்லாகச் சுமந்து போவார்களா? என் கடிதம் "கட்டுரை அருமை" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கி வெளிவந்தது. அச்சொற்களை நான் எழுதவில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்கே கிராமத்து ஜெபக்கூடங்கள் ஆண்டுதோறும் மூடப்பட்டுக் குடியிருப்புகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவருகின்றன. எங்கள் பகுதியில் ஒன்றை விலைக்கு வாங்கியவர்கள், "உள்ளே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லியே பிரசங்கபீடத்தைப் பெயர்த்தெடுத்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். கட்டுரையாளர் எழுதிய வரி ஏறக்குறைய அதே வரிதான்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டே திருத்தங்கள். கட்டுரையில் "இங்கிலாந்து" என்று வருமிடத்தில் "வேல்ஸ்" என்று இருக்க வேண்டும். 42-ஆம் பக்கத்தில் ஜெபக்கூடம் என்ற குறிப்போடு வெளியாகியிருக்கும் படம், கூர்ங்கோபுரத்தோடு கூடிய ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தினுடையது. சரியான படம் என்னிடம் உள்ளது. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
கார்டிஃப்