ஒன்றரை லிட்டர் தண்ணீர் வரம்புக்கு ஆதாரம் எங்கே? இதய ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதயச் செயலிழப்பு குறித்து ஆய்வு செய்கிறவர்களுக்கும், அந்த ஆய்வுகளைக் கொண்டு சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவர் அல்ல. இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய ரத்தத்தை அனுப்ப முடியாத நோய், உள்ள தாயைப் பல ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள். மருந்துகளைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அம்மா இன்று படியேறுகிறார், தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொள்ளாமல் படுக்கிறார் என்றால் அதற்கு உங்கள் உழைப்பே காரணம். என் வழக்கு டிஸ்சார்ஜ் தாளின் கீழ்ப்பாதியைப் பற்றியது.

மேல்பாதியில் மாத்திரைகளின் பெயர்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் தேர்வெழுதித் தேறி வந்தவை. சாகுபிட்ரில், வால்சார்டன் கூட்டு மருந்தைப் பழைய மருந்தான எனலாப்ரிலுடன் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். சர்க்கரை நோய்க்கென்று வந்த டபாகிளிஃப்ளோசின், இதயம் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கும் உதவுமா என்று 4,744 பேரிடம் சோதித்தார்கள். நோய் மோசமாவதும் இதயநோயால் இறப்பதும் சேர்ந்து 26 சதவீதம் குறைந்ததாக 2019-இல் முடிவு வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது.

கீழ்ப்பாதியில் நாலைந்து வரிகள்: தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது, உப்பைக் குறைக்கவும், தினமும் எடை பார்க்கவும், உடலை அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மாத்திரைகளை விழுங்க இரண்டு நிமிடம் போதும். மீதி நாள் முழுவதையும் ஆள்வது இந்தக் கீழ்ப்பாதிதான்.

ஒன்றரை லிட்டர் என்பது வீட்டுக்குள் என்னவாகிறது என்று சொல்கிறேன். கோடு போட்ட ஒரு பாட்டில் காலையில் நிரப்பி வைக்கப்படும். மாத்திரை விழுங்கும் தண்ணீர், பால், ரசம், பழச்சாறு எல்லாமே அந்தக் கணக்கில் கழியும். மாலைக்குள் பாட்டில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் இரவு முழுக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மா வாயைக் கொப்பளித்துத் துப்புவார். ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் வைத்து அது கரையும்வரை பேசாமல் இருப்பார். "ஒரு வாய் கொடு, யாருக்குத் தெரியப்போகிறது" என்று பெற்ற மகளிடம் கெஞ்சுவார். காவல்காரி வேலை எனக்கு.

இந்தத் தாகம் பேராசையால் வருவது அல்ல என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இதயம் போதிய ரத்தத்தை அனுப்பாதபோது, உடலில் நீர் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாகக் கணக்குப் போடுகிறது. அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பதோடு நிற்காமல் மூளையில் தாகத்தையும் தூண்டுகிறது. போதாததற்குச் சிறுநீரைப் போகவைக்கும் மாத்திரை வேறு. நோயே தாகத்தை உண்டாக்குகிறது, நாம் தண்ணீரை மறுக்கிறோம். அப்படி மறுப்பதற்கு உறுதியான காரணம் இருந்தால் யாரும் முணுமுணுக்க மாட்டோம். இருக்கிறதா?

தேடிப் பார்த்தேன். பிரேசிலில், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 75 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 800 மில்லி தண்ணீர், 800 மில்லிகிராம் சோடியம். மறுபாதியினருக்குக் கட்டுப்பாடு இல்லை. மூன்று நாள் கழித்து எடை குறைந்ததிலும் உடல்நிலை தேறியதிலும் வேறுபாடு இல்லை. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தாகம் மட்டும் கூடியிருந்தது. 2022-இல் வெளியான உப்பு ஆய்வு ஆறு நாடுகளில் சுமார் 800 பேரிடம் நடந்தது. சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். சமையல் உப்புக் கணக்கில் அது முக்கால் தேக்கரண்டிக்கும் குறைவு. ஓராண்டில் இறப்போ, இதயத்துக்காக மருத்துவமனைக்குப் போவதோ குறைந்ததாக நிரூபணமாகவில்லை. வாழ்க்கைத் தரம் சற்றே மேம்பட்டது. பிறகு 2025-இல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு: நிலையாக இருக்கும் 504 வெளிநோயாளிகளில் ஒரு குழுவுக்கு ஒன்றரை லிட்டர் வரம்பு, மற்றக் குழுவுக்கு வரம்பே இல்லை. மூன்று மாதத்தில் இரு குழுக்களின் உடல்நலமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. தாகத்தின் அவதி மட்டும் வரம்பு வைத்த குழுவில் அதிகம்.

இவற்றை வைத்துக்கொண்டு "இனி இஷ்டம்போல் குடிக்கலாம்" என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்து ஆய்வில் வரம்பில்லாதவர்கள் குடித்ததே மற்றவர்களைவிட 300 மில்லி அளவுக்குத்தான் அதிகம். மூன்று மாதம் என்பதும் குறுகிய காலம். ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போனவர்கள், கால் வீங்கி மூச்சிரைப்பவர்கள் கதை வேறு. இந்த மடலைப் படிக்கும் நோயாளியோ பராமரிப்பவரோ தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்: கோடிக்கணக்கானோரைப் பாதிக்கும் இந்த நோயில், அன்றாடம் கடைப்பிடிக்கச் சொல்லும் ஓர் அறிவுரையின் நன்மை தீமையை அறிய நம்மிடம் இருப்பது சில நூறு பேரின் கணக்கு. அதுவும் பல பத்தாண்டுகள் சொல்லிப் பழகிய பிறகு.

"உடலில் நீர் சேர்கிறது, ஆகவே நீரைக் குறை, இது பொது அறிவுதானே" என்று சிலர் கேட்கக்கூடும். இந்த நோயில் பொது அறிவு எத்தனை முறை காலை வாரியிருக்கிறது என்பது உங்கள் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. பலவீனமான இதயத்தை வலுவாகச் சுருங்கவைத்தால் நல்லது என்று தோன்றியது. மில்ரினோன் மாத்திரையைச் சோதித்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகம் என்று 1991-இல் தெரியவந்தது. நேர்மாறாக, இதயத்துடிப்பின் வேகத்தையும் வலுவையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடம் நடத்தினார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் சில மருத்துவர்கள் ஏழே ஏழு பேருக்குக் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று 1975-இல் எழுதினார்கள். அதை உலகம் ஏற்க கால் நூற்றாண்டு ஆனது. 1999-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. படுக்கையில் ஓய்வு என்பதும் ஒரு காலத்தில் கேள்வி கேட்க முடியாத விதிதான். 2,331 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது. அப்படியிருந்தும் "உடலை அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம்" என்ற வரி எங்கள் தாளில் அச்சாகியே வருகிறது.

தண்ணீரை ஆய்வு செய்வது கடினம் என்பது புரிகிறது. போலி மாத்திரை கொடுப்பதுபோல் போலித் தண்ணீர் கொடுக்க முடியாது. யார் எவ்வளவு குடித்தார் என்று வீடுவீடாகப் போய்ப் பார்க்கவும் முடியாது. தண்ணீரை விற்று லாபம் பார்க்கும் மருந்து நிறுவனம் இல்லை என்பதால் செலவு செய்ய ஆளும் இல்லை. இதுதான் உண்மையான தடை என்று நினைக்கிறேன். ஆனால் லாபமில்லாத கேள்விக்கும் பெரிய ஆய்வு நடத்தலாம் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ஃபுரோசமைடு, டோர்செமைடு என்ற இரண்டு பழைய, மலிவான மாத்திரைகளில் எது மேல் என்று அமெரிக்காவில் அரசுப் பணத்தில் 2,859 பேரிடம் சோதித்தார்கள். நோயாளிகளை அலையவிடாமல் தொலைபேசியிலேயே நலம் விசாரித்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று 2023-இல் பதில் வந்தது. அந்த ஏற்பாடு தண்ணீர் வரம்புக்கும் பொருந்தாதா? இறப்பைப் பதிவேட்டில் பார்க்கலாம், மருத்துவமனைச் சேர்க்கையைத் தொலைபேசியில் கேட்கலாம்.

நடத்தினால், எங்கள் வீட்டில் இருப்பவரைப் போன்றவர்களை அதில் சேருங்கள். டபாகிளிஃப்ளோசின் ஆய்வில் சராசரி வயது 66, பெண்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்பதைத் தொட்ட, சிறுநீரகமும் தளர்ந்த ஒரு பெண்மணிக்கு என்ன பொருந்தும் என்பது அத்தகைய பெண்மணிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். தாகம், தூக்கம், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பவற்றையும் முடிவுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பைத் தள்ளிப்போடுவது பெரிய விஷயம்தான். ஆனால் தள்ளிப்போட்ட காலம் எப்படிக் கழிகிறது என்று கேட்கும் உரிமை அதைக் கழிப்பவருக்கு உண்டு.

ஆய்வு முடியப் பல ஆண்டுகள் ஆகும். நெறிமுறை எழுதும் குழுக்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நூல்களில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் அதன் ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று தரம் போடுகிறீர்கள். நோய் முற்றி, ரத்தத்தில் சோடியமும் இறங்கியவர்களுக்கே கூடத் தண்ணீர் வரம்பின் பலன் உறுதியில்லை என்று 2022-இல் வந்த அமெரிக்க நெறிமுறை சொல்கிறது. அந்தத் தரம் மருத்துவரின் மேசையோடு நின்றுவிடுகிறது. எங்கள் கைக்கு வரும் தாளில் எல்லா வரிகளும் ஒரே கறுப்பு மையில், ஒரே அதிகாரத்தோடு நிற்கின்றன. அடுத்த பதிப்பில் நோயாளிக்கான தாளின் மாதிரியையும் சேர்த்து வெளியிடுங்கள். அதில் மாத்திரைகளுக்கு எதிரே "உறுதியான ஆதாரம் உண்டு" என்றும், தண்ணீர் அளவுக்கு எதிரே "ஆதாரம் குறைவு, உங்கள் உடல்நிலையைப் பொறுத்து மருத்துவருடன் பேசி முடிவு செய்யவும்" என்றும் எழுதுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், அடுத்த பரிசோதனை நாளில் மருத்துவரிடம் பேச்சை எடுக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இப்படிக்கு,
தாயைப் பராமரிக்கும் ஒரு மகள்