கழிவு ஒயிலைக் கொடுக்க ஓர் இடம் காட்டுங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சுற்றாடலுக்கும் குடிநீருக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுன்னாகம் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின் நிலையத்துக் கழிவு ஒயில் கிணறுகளுக்குள் இறங்கியதும், சனம் தண்ணீர் பவுசருக்குக் காத்துக் கிடந்ததும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னதும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். அதற்குப் பிறகாவது விழித்திருப்பீர்கள் என்று நம்பினோம்.

இப்போது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கிணற்றில் ஒயில் மணக்கிறது. அள்ளும்போது தண்ணீர் பார்வைக்குத் தெளிவுதான். ஒரு இரவு வாளியில் வைத்துவிட்டுக் கவிழ்த்தால், உள்விளிம்பில் விரலால் வழித்தெடுக்கக்கூடிய கறுப்பு வளையம். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முற்றத்தில் சொந்தக் கிணறு இருக்க, சைக்கிளில் கானைக் கட்டி உருட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போய் வருகிறார். அது சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் மட்டும். உடுப்புத் தோய்க்க அதே ஒயில் கிணறுதான். வெயிலில் காய்ந்த சேலையிலும் மணம் போகவில்லை.

வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ். மாற்றிய ஒயிலைப் பின்பக்கம் நிலத்தில் வெட்டிய கிடங்கில் ஊற்றுகிறார்கள். போய்ச் சத்தம் போட்டேன். “அண்ணை, வேற எங்க ஊத்திறது?” என்றான் வேலை செய்யும் பெடியன். பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். தீராந்தியில் கறையானுக்குப் பூச ஊரார் கொஞ்சம் வாங்கிப் போகிறார்கள். ஒன்றிரண்டு பீப்பாய்க்காக ஏற்றிப்போக எவரும் வருவதில்லை. மிச்சமெல்லாம் கிடங்குக்குத்தான். கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மாரி மழை இறங்கும் அதே வழியால் ஒயிலும் இறங்குகிறது, கூடவே எஞ்சினில் தேய்ந்த உலோகத் தூளும். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பிரதேச சபைக்கு ஒன்றாகக் கழிவு ஒயில் ஒப்படைக்கும் இடம் வேண்டும்.

இதை எழுத்தில் கொடுக்கப் போனால், கராஜ் என்றால் அந்தக் கந்தோர், கிணறு என்றால் இந்தக் கந்தோர். மூன்றாவது இடத்தில், தண்ணீரை எங்கள் செலவில் பரிசோதித்து அறிக்கையோடு வரச் சொன்னார்கள். சுற்றாடல் தினத்துக்கு மரக்கன்று நட மட்டும் எல்லாக் கந்தோரும் ஒன்றாக வந்து படம் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அந்தக் கிணற்றடியில் நடுங்கள், ஊற்றத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, கோபத்தில் வந்த வார்த்தை, பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. அபாயக் கழிவைச் சேர்க்கவும் ஏற்றவும் உரிமம் வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2008இலேயே வந்துவிட்டது. கூரையும் சீமெந்துத் தளமும் சுற்றிவர ஒரு சிறு கட்டும் போட்டு, நாலு பீப்பாய் வையுங்கள். உரிமம் உள்ளவர்கள் வந்து ஏற்றட்டும். கராஜ் அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஒயில் ஒப்படைத்த பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இடம் இருந்தால் கொண்டுவந்து தருகிறோம் என்று பெடியள் சொல்கிறார்கள்.

அதுவரைக்கும் அந்த அம்மாவின் கிணற்றை உங்கள் செலவில் பரிசோதித்து, வாசலுக்கு ஒரு தாங்கியும் பவுசர் தண்ணீரும் அனுப்பிவைக்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமவாசி ஒருவர்