தோற்கச் சொல்லும் அட்டவணை

ஆசிரியருக்கு,

பாளையங்கோட்டைப் பக்கம் நடக்கும் ஷட்டில் (பாட்மிண்டன்) போட்டிகளில் அடிக்கடி காதில் விழுவது: "எலே, இந்த மேட்ச விட்ருல. ரெண்டாவதா வந்தா செமில லேசான ஆளுதான்." சொல்வது பெரும்பாலும் பெற்றவர்கள், பையன்கள் பாவம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையரில் இதே கணக்குப் போட்டு, சர்வீஸை வலையில் அடித்த நான்கு இணைகள் நீக்கப்பட்டன. சீனா ஒன்று, தென்கொரியா இரண்டு, இந்தோனேசியா ஒன்று. வெல்ல முழு முயற்சி எடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சரிதான்; டிக்கெட் எடுத்து வந்தவனை ஏமாற்றியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தோற்றால் லாபம் என்று அட்டவணை போட்டவர்களை யார் கேட்டது? இரட்டையருக்குக் குழுச் சுற்று, அதாவது ஒரு குழுவுக்குள் எல்லோரோடும் மோதி முதல் இரண்டு இடத்தவர் அடுத்த கட்டம் போகும் லீக் முறை, வந்ததே அந்த ஒலிம்பிக்கில்தான். 2016 ரியோவுக்கு விதியை மாற்றி, குழுவில் இரண்டாமிடம் பெறும் இணைகளைக் குலுக்கலில் விட்டார்கள். அடுத்து யாரோடு மோதுவோம் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் வேண்டுமென்றே தோற்பதில் என்ன ஆதாயம்?

நம் மாவட்டத்திலும் லீக் முடிந்ததும் சீட்டுக் குலுக்கிப் போடலாமே. செலவே கிடையாது. கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினாலும் பாதி தந்திரம் அடங்கும். கோர்ட் பற்றாது என்பார்கள், அது வேறு வழக்கு.

— ஷட்டில் ஆடும் பையனின் தகப்பன், பாளையங்கோட்டை