‘கணவருடன் இணைந்து’ என்ற ஒற்றை வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் சினிமாவின் பெண் இயக்குநர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மியூரியல் பாக்ஸுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி: ‘கணவர் சிட்னி பாக்ஸுடன் இணைந்து படங்கள் எடுத்தவர்.’ எனக்கு மனம் ஆறவில்லை.

1905இல் பிறந்த மியூரியல், வெல்வின் ஊரிலிருந்த ஸ்டுடியோவில் திரைக்கதைகளைத் தட்டச்சு செய்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத் தட்டச்சராக இருந்தவள் நான். ஒரு வாசகத்தை விரலால் படிப்பவருக்கு, அதில் எது மிகை, எது குறை என்பது எழுதியவருக்கு முன்பே பிடிபட்டுவிடும். பிறகு மியூரியலுக்குக் கண்டினியூட்டி வேலை கிடைத்தது. காலையில் எடுத்த ஷாட்டில் நடிகரின் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கோப்பை எந்தக் கையில் இருந்தது, கோட்டில் எத்தனை பொத்தான்கள் திறந்திருந்தன என்றெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து அந்தக் காட்சியின் மீதியை எடுக்கும்போது இம்மி பிசகாமல் சரிபார்க்கும் வேலை அது. படம் முழுவதையும் மனத்தில் வைத்திருப்பவரால்தான் அது முடியும். இயக்குநருக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

கணவரோடு சேர்ந்து அவர் எழுதிய நாடகங்கள் ஏறக்குறைய நாற்பது. பெரும்பாலும் பெண் பாத்திரங்களுக்காகவே எழுதப்பட்டவை. போர்க்காலத்தில் ஆவணப்படம் இயக்கினார். ஆனால் குழந்தைகளுக்கான சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்றை ஒரு பெண் இயக்குவதா என்று தடை எழுந்தது. அது கைநழுவிப் போயிற்று. குழந்தைக்குச் சாலையைக் கடக்கக் கற்றுத்தருவது தாயின் வேலை, அதைப் படமாக்குவது மட்டும் ஆணின் வேலையா? இன்று படித்தாலும் கோபம் வருகிறது.

1945இல் வந்த ‘தி செவன்த் வெய்ல்’ (ஏழாவது திரை) என்ற படம் அவர்கள் இருவரும் எழுதியது. பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் விரல்கள்மீது அவளுடைய காப்பாளர் கைத்தடியை ஓங்கி அடிக்கும் காட்சி அதில் உண்டு. பார்த்தபோது என் விரல்களை நானே மடக்கிக்கொண்டேன். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் பெண் மியூரியல்தான். இதைக்கூடக் கட்டுரையாளர் குறிப்பிடவில்லையே!

அடுத்து கெய்ன்ஸ்பரோ ஸ்டுடியோவின் கதை இலாகாவுக்குத் தலைமை வகித்தார். 1952இல் ‘தி ஹாப்பி ஃபேமிலி’யை இயக்கியபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அரசு விழாவுக்காகத் தங்கள் வீட்டை இடிக்க விடமாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் கடைக்காரக் குடும்பத்தின் கதை அது. மறு ஆண்டே பெண் காவலர்களின் அன்றாட வேலையைப் படமாக்கினார். திரைத்துறையை விட்ட பிறகு பெண்களின் எழுத்துக்காக ஃபெமினா என்ற பதிப்பகத்தையும் தொடங்கினார்.

சிட்னியின் பங்கை நான் மறுக்கவில்லை. மியூரியலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். தட்டச்சு இயந்திரத்தின் முன்னும் கண்டினியூட்டி நோட்டுப் புத்தகத்தோடும் அவர் கழித்த ஆண்டுகளுக்கு அதில் தாராளமாக இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.