மூன்றாவது தோசை

அன்புள்ள செல்விக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் அண்ணனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 168. "இவனுக்கா? ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கானே!" என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் தையல்காரர் டேப் மாதிரி ஒன்றை எடுத்து அவன் வயிற்றைச் சுற்றி அளந்தார். 92 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். கை கால் குச்சியாக இருந்ததால் அந்தத் தொப்பை என் கண்ணில் பட்டதே இல்லை.

அப்புறம் ஒரு படம் காட்டினார். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்ததாம். உயரத்துக்கு எடை என்று கணக்குப் போட்டால் இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியான உடம்பிலும் வயிற்றுக்குள், ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதாம்.

உன் அப்பத்தா குண்டு. சர்க்கரையில்தான் காலை எடுத்தார்கள். அன்றிலிருந்து குண்டு என்றால் சர்க்கரை என்று எனக்குள் பதிந்துவிட்டது. உனக்கு அவர் உடல்வாகு. அவனும் அதே அப்பத்தாவின் பேரன்தானே, அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

நீ மூன்றாவது தோசைக்குத் தட்டை நகர்த்துவாய். நான் உன்னைத் தாண்டிப் போய் அவன் தட்டில் நெய் ஊற்றிய தோசையைப் போடுவேன். நீ ஒன்றும் சொல்லாமல் விரலில் ஒட்டிய சட்னியை நக்கிக்கொண்டிருப்பாய். மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், கபடியும் ஆடிவிட்டு வந்த பிள்ளை. அவனோ நாள் முழுக்க நாற்காலியில். உன்னைப் பட்டினி போட்டேன், அவனையும் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு.

எடையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நம் வீட்டு ரத்தம் உனக்கும்தான். ஒருமுறை பரிசோதித்துக்கொள், இடுப்பையும் அளந்து பார். எத்தனை கிலோ என்று இனி கேட்க மாட்டேன்.

அண்ணனிடம் நீ பேசு. சோற்றைக் குறைத்துச் சுண்டல் வைத்தால் முகத்தைத் தூக்குகிறான். நீ சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
அம்மா